பட்டமளிப்பு விழாவில் நான் கையைத் தூக்கி நின்றதற்கு விளக்கம்

1

போன வாரம் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. அதன் சாரம் இது: 'பட்டமளிப்பு விழாவின்போது தாங்கள் மேடையின் வலப்பக்கம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வட்டமாகக் கோத்தபடி சுமார் நான்கு நிமிடம் நின்றதாகத் தெரியவருகிறது. இச்செயல் சமயம் சார்ந்ததா, பண்பாடு சார்ந்ததா, உடல்நலம் சார்ந்ததா? பொருத்தமான கட்டத்தில் குறியிடவும். விளக்கம் ஏதும் இருப்பின் மூன்று வரிக்குள் எழுதவும்.'

நம் ஓசூராக இருந்தால் "இன்னாய்யா, கிறுக்கா உனக்கு?" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இங்கே கிறுக்குக்குக்கூட மூன்று கட்டம் ஒதுக்கி, எந்தக் கிறுக்கானாலும் எங்களுக்குச் சம்மதமே என்ற பாவனையில் கேட்கிறார்கள். கனடா மிகவும் மரியாதையான தேசம். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவனே மன்னிப்புக் கேட்பான்.

மூன்று வரியில் எனக்கு மூச்சு முட்டும். ஆகவே முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். உங்களுக்குப் புரிந்தால் பிறகு அவர்களுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

நான் இருப்பது கனடாவின் நடுவில், எட்டு மாதம் பனியும் நான்கு மாதம் பனி வரப்போகிறது என்ற பேச்சுமாக இருக்கும் ஓர் ஊரில். பதினொரு வருஷம் ஆகிறது. தகடு அடிக்கும் பிரஸ் வேலை தெரிந்தவன் என்று ஒரு தொழிற்சாலை என்னை வரவழைத்தது. ஆறே மாதத்தில் அதை மூடிவிட்டார்கள். நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, என் மனைவி சரோஜாவைத் தவிர. அன்று முதல் பல்கலைக்கழகத்தின் ஒலி ஒளிப் பிரிவில் இருக்கிறேன். விழா தொடங்கும் முன் மைக் வைப்பேன். விழா முடிந்ததும் கேபிள் சுருட்டுவேன். நடுவில் அறிஞர்கள் பேசுவார்கள்.

இந்த வருஷம் பட்டமளிப்பு விழாவை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. புத்தாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருப்பதால், நிற்பதற்குள் காட்டிவிடலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. அதே விழாவில் என் மகள் கவிதாவும் பட்டம் வாங்குகிறாள். அதை ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து அவளுடைய தாய்மாமன் முனிரத்தினம் பார்த்தாக வேண்டும். அவருக்குக் காது கேட்காது.

விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் கை.

2

எழுபதுகளின் நடுவில் மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு பிரஸ் ஷாப். தகட்டை அச்சில் அடித்து வட்ட மூடிகள் செய்யும் இடம். பதினாறு பிரஸ்கள் ஒரே கூரையின் கீழ் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். இடப்பக்கத்துப் பிரஸ் கன்னடம், எதிர்ப் பிரஸ் தெலுங்கு, போர்மேன் சேலத்துத் தமிழ். சத்தமே இல்லாவிட்டாலும் எனக்குப் பாதி விளங்கியிருக்காது. அந்த இரைச்சலில் நாங்கள் எல்லோரும் சமம்.

அங்கே தடங்கலில்லாமல் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான், உத்தனப்பள்ளி முனிரத்தினம். சின்ன வயதில் காய்ச்சலில் காது போனவர். நாங்கள் சேர்ந்த பிறகு செவிடானவர்கள், அவர் தயாராக வந்தவர். ஷாப்பின் மொழி அவர் போட்டதுதான். இரண்டு கையையும் தலைக்கு மேல் வட்டமாகக் கோத்தால் 'பீஸ் ஓகே, பாஸ்'. முன்கைகளைக் குறுக்கே வைத்தால் 'ஸ்கிராப்', கழித்துப் போடு; மெஷின் நின்றாலும் அதே கைதான். காதைத் திருகினால் போர்மேன் வருகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயரும் உண்டு. யாருக்கு எது பலவீனமோ அதுவே பெயர். என் இடுப்பு அப்போது இருபத்தாறு அங்குலம், கம்பெனி கொடுத்த பேன்ட் முப்பத்திரண்டு. ஆகவே இரண்டு முழங்கையாலும் பேன்டை மேலே தூக்குவதுபோல் காட்டினால் அது நான்.

அந்த மொழிக்கு இலக்கணம் ஒன்றே ஒன்று. காட்டிய கையை, எதிரில் இருப்பவர் அதையே திருப்பிக் காட்டும்வரை இறக்கக் கூடாது. திருப்பிக் காட்டியவரும், முதலில் காட்டியவர் இறக்கிய பிறகுதான் இறக்க வேண்டும். காரணம் எளிது. எதிரில் இருப்பவருடைய கை அச்சுக்கு அடியில் இருக்கலாம். பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல் மிதியை மிதித்தால் விரல் போகும். முனிரத்தினம் நின்ற வரிசையில் விரல் போனவர் யாரும் கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு, நாற்பதடி தள்ளி நின்ற முனிரத்தினம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். முதலில் பேன்டைத் தூக்கினார், நான். பிறகு தோளிலிருந்து நீளமாகப் பின்னல் இழுத்தார், அவருடைய தங்கை. கடைசியில் கழுத்துக்குப் பின்னால் மூன்று முடிச்சு. அப்படியே நின்றுவிட்டார்.

நான் வெட்கப்பட்டுத் தகட்டைப் பார்த்தேன். எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கை அங்கேயே இருந்தது. அவருடைய பிரஸ் ஓடவில்லை. அடுத்ததற்கும் பீஸ் போகவில்லை. வரிசையே நின்று என்னைப் பார்த்தது. தூரத்தில் யாரோ காதைத் திருகினார்கள். உற்பத்தி பாதிக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் நான் மூன்று முடிச்சைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளியில் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் மட்டும் அன்னிக்கு கை வலிச்சி எறக்கியிருந்தா நா தப்பிச்சிருப்பேன்" என்று சரோஜா இன்றைக்கும் சொல்கிறாள்.

3

கவிதா இங்கே வரும்போது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் வேறு மொழியில் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "யா" என்பாள். ஊர் எது என்று இங்கே படிவத்தில் பத்துக் கட்டம் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் மூக்கண்டப்பள்ளி அதற்குள் அடங்காது. அவள் "பெங்களூர் பக்கம்" என்று முடித்துவிடுகிறாள். சுருக்கமாகச் சொல்ல வருகிறாள் என்று நான் சமாதானம் அடைகிறேன். சரோஜா அடைவதில்லை.

ஆனால் பிரஸ் ஷாப் மொழி மட்டும் அவளிடம் ஓர் எழுத்தும் உதிரவில்லை. அது அவள் மாமாவிடம் மடியில் உட்கார்ந்து கற்றது. ஒரு மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கூடை காலியானபிறகும் ஒரே கொட்டையை விடாமல் நாளெல்லாம் சப்பிக்கொண்டிருந்ததால், அவர் வைத்த பெயர் மாங்கொட்டை. மூடிய கையை வாய்க்கு நேராக வைத்தால் அது கவிதா. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது மாமாவும் மருமகளும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். இங்கே வீட்டில் சரோஜா உப்புமா வைத்து "எப்படி இருக்குடி?" என்று கேட்டால், கவிதா வாயைத் திறக்காமல் முன்கைகளைக் குறுக்கே வைப்பாள். ஸ்கிராப்.

காது குத்தும்போது முனிரத்தினத்தின் மடியில்தான் உட்கார்ந்தாள். அன்று அவள் போட்ட கூச்சலில் பாதிக்கப்படாதவர் அவர் ஒருவர்தான். தாய்மாமன் இல்லாமல் அவளுக்கு எந்த விசேஷமும் நடந்ததில்லை. பட்டமளிப்புக்கும் வந்துவிடுங்கள் மச்சான் என்று எழுதினேன். பதில் அவர் மனைவி ராதம்மாவின் கையெழுத்தில் வந்தது:

'அண்ணா, அங்க குளுருக்கு எல்லாரும் கையில உறை போட்டுக்கினு இருப்பாங்கன்னு போன கடுதாசில நீங்கதான் எழுதியிருந்தீங்க. உறை போட்டுக்கினா நா எப்படிப் பேசறது, வாயக் கட்டிக்கினு ஊருக்கு வரச் சொல்றாரா உங்கண்ணன் அப்டீன்னு கேக்கறாரு.'

விழா ஜூனில், உறை வேண்டாம் என்று எழுதினேன். 'ஜூன்ல பனி கொட்டாதுன்னு எழுதிக் குடுப்பாரா?' என்று பதில் வந்தது. பதினொரு வருஷம் இங்கே இருந்தவன். எழுதிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

4

விழாவை ஊனமுற்றோரும் பார்க்கும்படி செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். பதினொரு பேர். தலைவி லிண்டா, சக்கர நாற்காலியில் வருபவர், வாய்க்கும் சக்கரம் உண்டு. முதல் இரண்டு கூட்டங்களை லிப்ட் இல்லாத மாடியில் வைத்துவிட்டு, அவருக்காக மேஜை நடுவில் ஒரு ஸ்பீக்கர் போனை வைத்தார்கள். "நான் உங்களுக்கு நேர் கீழேதான் இருக்கிறேன். தரையைத் தட்டினாலே கேட்கும்" என்றது போன். மூன்றாம் கூட்டம் கீழே நடந்தது. கேபிள் எங்கே போகும் என்று சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆறு மாத உழைப்பில் இரண்டு ஏற்பாடுகள் தயாராகியிருந்தன. பேசுவதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து படத்துக்குக் கீழே ஓடவிடுவது ஒன்று. இந்த ஊர்ச் சைகை மொழி தெரிந்த பெண் ஒருவர் மேடை ஓரத்தில் நின்று மொழிபெயர்ப்பது இன்னொன்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினேன்.

"சொல்லுங்கள்" என்றார் லிண்டா.

"என் மச்சான் ஓசூரிலிருந்து பார்ப்பார். காது கேட்காது."

குழு என்னை அன்போடு பார்த்தது. ஆறு மாதமாக அவர்கள் பேசிக்கொண்டிருந்த ஆளை உண்மையிலேயே தெரிந்த ஒருவன் கிடைத்துவிட்டான்.

"அருமை! ஆங்கிலம் படிப்பாரா?"

"தமிழே பேப்பர் தலைப்பு மட்டும்தான்."

"சரி, எங்கள் சைகை மொழி?"

"அது உங்கள் ஊர்க் கை. அவருடையது மூக்கண்டப்பள்ளிக் கை."

லிண்டா தன் பட்டியலைப் பார்த்தார். "ஆக, நமக்குத் தெரிந்த ஒரே பார்வையாளருக்கு நாம் செய்த எதுவும் பயன்படாது." பிறகு என்னைப் பார்த்து, "அவருக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டீர்களா?" என்றார்.

கேட்கவில்லை. பதினொரு பேரும் நானும் பன்னிரண்டு பேராகக் கேட்காமல் இருந்தோம்.

அன்றைக்கே போன் போட்டேன். ஓசூரில் வீட்டுக்கு எதிரே உள்ள பூத்துக்கு ராதம்மா வந்தாள், பக்கத்தில் மச்சானும்.

"படம் எம்மாம் பெருசு இருக்கும்னு கேக்கறாரு அண்ணா."

"தீப்பெட்டி அளவு இருக்கும்மா."

அங்கே கைகள் பேசுகின்றன.

"தீப்பெட்டிலயா எம்பொண்ண அடைச்சி வச்சிருக்கீங்கன்றாரு. சரி, சினிமா மாதிரி ஆடுமா?"

"ஆடாது. விட்டு விட்டு வரும். ஒரு படம், அப்புறம் கொஞ்சம் கழிச்சு இன்னொரு படம்."

"அப்ப எழுத்து கிழுத்து ஒண்ணும் வேணாமாம். நீங்களே பிரஸ்ல நிக்கற மாதிரி நின்னு காட்டுங்க, காட்டிட்டு எறக்காதீங்க, அது போதும்ன்றாரு. அப்பறம்..."

"சொல்லும்மா."

"பேன்ட்டு ஜாக்கரதைன்றாரு."

மறுநாள் ஒத்திகையில் அவர் சொன்னதுதான் நடந்தது. அந்த மொழிபெயர்ப்புப் பெண்ணின் கைகள் மேடையில் நீரோட்டம்போல் இருந்தன. கம்ப்யூட்டரில் ஒரு கை காதோரம், அடுத்த படத்தில் கையே இல்லை, அதற்கடுத்ததில் மூன்று கை இருப்பதுபோல் ஒரு கலங்கல். பிறகு நான் போய் வட்டம் கட்டி நின்றேன். தீப்பெட்டிக்குள் தெள்ளத் தெளிவாக ஒரு மூடி தெரிந்தது. லிண்டா உடனே ஒரு படிவம் எடுத்து, 'இரண்டாம் மொழிபெயர்ப்பாளர்' என்று என் பெயரைப் போட்டார். மொழி என்ற கட்டத்தில் 'பிரஸ் ஷாப்' என்று எழுதினேன். அந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்குப் போனதோ, பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை.

5

விழா இங்கே காலை ஒன்பது மணி, ஓசூரில் இரவு ஏழரை. மச்சானும் ராதம்மாவும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பார்கள். தரையில் ஒட்டிய டேப்பின் மேல் நான் நின்றேன். கோட்டும் பேன்டும் வாடகை. கோட் அளவெடுத்ததுபோல் இருந்தது.

கவிதாவின் பெயர் கூப்பிட்டதும் மூடிய கையை வாய்க்கு வைத்தேன். மாங்கொட்டை. மனத்துக்குள் பத்து எண்ணினேன். பட்டம் அவள் கைக்கு வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் வட்டமாகக் கோத்தேன். பீஸ் ஓகே.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. திருப்பிக் காட்ட வேண்டியவர் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்க்க மாட்டேன். இந்த இன்டர்நெட் ஒருவழிப் பாதை. இதற்குக் கேபிள் போட்ட எனக்கு அது தெரியாதா? தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. பதில் வராமல் இறங்க மாட்டேன் என்று அது மேலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாடகைப் பேன்ட் வேலையைக் காட்டியது. இளவயதில் இல்லாத வயிறு இப்போது இருக்கிறது, ஆனால் பேன்ட் எடுத்துக் கொடுத்த கடைக்காரன் அதைவிடப் பெரிய வயிற்றை மனத்தில் வைத்திருந்தான். கையை இறக்கினால் பேன்டைப் பிடிக்கலாம். கையை இறக்கக் கூடாது. மூன்றாம் வரிசையில் சரோஜா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மேடையை விட்டு இறங்கப்போன கவிதா என்னைப் பார்த்தாள். அப்பா கையை இறக்காமல் நிற்பது ஏன் என்று அந்த மண்டபத்தில் புரிந்த ஒரே ஆள் அவள்தான். சிரித்தாள். பிறகு காமிராவைப் பார்த்துத் திரும்பி, பட்டத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்தாள். அவளும் இறக்கவில்லை. பதில் மாமாவிடமிருந்து வர வேண்டுமே.

அடுத்து வந்த பெண் இதுதான் முறை போலிருக்கிறது என்று தானும் வட்டம் கட்டினாள். அதற்கடுத்த பையனும். பதினொரு பேர் அப்படியே பட்டம் வாங்கினார்கள். வேந்தரே ஒரு கையைப் பாதி தூக்கிவிட்டார். கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் தவழ்ந்து வந்து என் கோட்டை இழுத்தார். கவிதாவை யாரோ மரியாதையாகத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள்.

பதில் வராமல் நான் கையை இறக்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் அடுப்பை அணைக்காமல் வெளியூர் வந்தவன்போல் இருந்தேன். மச்சான் பார்த்தாரா? கரண்ட் இருந்ததா? பூத்துக்கு நான்கு முறை போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

6

அன்று இரவு நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், அங்கே மறுநாள் காலை ராதம்மா பால் காய்ச்சும் நேரம், போன் வந்தது.

"அண்ணா, எறக்கிட்டீங்களா இல்லியா?"

"என்னம்மா?"

"கைய! எறக்கிட்டீங்களான்னு கேக்கறாரு. ரொம்பக் கோவமா இருக்காரு."

நடந்தது இது. மாங்கொட்டை வந்திருக்கிறது. பட்டம் வந்திருக்கிறது. நான் வட்டம் கட்டியது வந்திருக்கிறது. கவிதாவும் வட்டம் கட்டியபோது, அப்படியே படம் உறைந்துவிட்டது. இன்டர்நெட் போய்விட்டது, படம் மட்டும் திரையில் நின்றுவிட்டது. மச்சான் எழுந்து நின்று வட்டத்தைத் திருப்பிக் காட்டினார். காட்டியவர்கள் இறக்கிய பிறகுதானே அவர் இறக்கலாம்? தீப்பெட்டிக்குள் நானும் கவிதாவும் இறக்கவே இல்லை.

"ஒண்ணர மணி நேரம் அண்ணா! பக்கத்துல இருக்கறவங்கல்லாம் எழுந்து வந்து பாக்கறாங்க. யோகாவான்றான் ஒருத்தன். நாந்தான் பன்னு வாங்கியாந்து வாயில ஊட்டினன். சென்டர்காரரு ஒம்போதர மணிக்கு டிவிய அமுத்தனப்பறம்தான் கைய எறக்கனாரு. நா திருப்பிக் காட்டிட்டன் இல்ல, அப்பறம் எதுக்குப் புடிச்சிக்கினு நின்னாங்க ரெண்டு பேரும், வேணுன்னே பண்றாங்கன்றாரு. தோளெல்லாம் தைலம் தடவிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு."

பார்த்துவிட்டார். புரிந்துவிட்டது. பதிலும் சொல்லிவிட்டார், ஒன்றரை மணி நேரமாக.

கவிதா போனைப் பிடுங்கினாள். "அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க. நாங்க எறக்கிட்டோம். மெஷின் நின்னுபோச்சு. அவரு பதில் வரல எங்களுக்கு. இப்பதான் வந்துச்சு." சரோஜா கரண்டியோடு நின்று அவளையே பார்த்தாள். ஒரே மூச்சில் ஐந்து வாக்கியம், ஒன்றிலும் இங்கிலீஷ் வினைச்சொல் இல்லை.

மறுபக்கம் வளையல் சத்தம். பிறகு ராதம்மா சிரித்தாள். "பிரேக்டவுனா? அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா, மெஷின் நின்னா ஸ்கிராப்பு காட்டணும்னு தெரியாதான்னு கேக்கறாரு. பொண்ணு பாஸாயிடுச்சின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சாம். அப்பறம் அண்ணா... பேன்ட்டு எறங்கினு இருந்தது அங்க நல்லாவே தெரிஞ்சிதாம். சென்டர்காரரு அந்தப் படத்த பிரிண்டு எடுத்துக் குடுத்திருக்காரு."

இதை லிண்டாவிடம் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழுவின் குறிப்பேட்டில் எழுதினார்: அடுத்த ஆண்டு முதல் படம் நின்றால், அது நின்றுவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி முன்கைகள் குறுக்கே வைத்த ஒரு படம் திரையில் வர வேண்டும். யோசனை தந்தவர் என்ற இடத்தில் முனிரத்தினம், மூக்கண்டப்பள்ளி. கட்டங்கள் போதவில்லை. லிண்டா ஓரத்தில் தொடர்ந்து எழுதினார்.

7

இப்போது பதிவாளரின் படிவம் என் முன்னால் இருக்கிறது. சமயம் என்ற கட்டத்தில் குறியிட்டேன், தாய்மாமன் சம்பந்தப்பட்டிருப்பதால். பண்பாடு, பிரஸ் ஷாப்பை உத்தேசித்து. உடல்நலம், மச்சானின் தோளை முன்னிட்டு. மூன்று வரி விளக்கத்துக்கு ஒரே வரிதான் தேவைப்பட்டது: எதிரில் இருப்பவர் பார்த்தாரா என்று தெரியாமல் கையை இறக்கக் கூடாது.

"இவ்ளோ எழுதற ஆளு பெல்ட்டு போட்டுக்கினு போயிருக்கலாம்" என்றாள் சரோஜா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அடியில் இன்னும் ஒரு கட்டம் இருந்தது. நிகழ்வு முடிவுற்ற நேரம். நான்கு நிமிடத்தைக் கூட்டி ஒன்பது முப்பத்துநான்கு என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: மறுநாள், இந்திய நேரம் காலை ஆறரை.